பெயர் சப்பாத், குரல் மார்ட்டின்: 'அன்னோ டோமினி' பாக்ஸ் செட் விமர்சனம்

முதலில் பெட்டிக்குள் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். என் எரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாடகர் டோனி மார்ட்டின், ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத்துக்காகப் பாடிய ஸ்டுடியோ ஆல்பங்கள் ஐந்து. 2024 மே மாதக் கடைசியில் வந்த 'அன்னோ டோமினி 1989–1995' பெட்டியில் இருப்பவை நான்கு: 'ஹெட்லெஸ் கிராஸ்', 'டைர்', 'கிராஸ் பர்ப்பஸஸ்', 'ஃபர்பிடன்'. 1987இல் வந்த 'தி எட்டர்னல் ஐடல்' இல்லை. காரணம் புரியாமல் இல்லை. இந்த நான்கும் ஐ.ஆர்.எஸ். ரெக்கார்ட்ஸ் வெளியிட்டவை, அது வேறு கம்பெனியுடையது. சட்டப்படி சரி. ஆனால் வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்குகிறவனிடம் ஐந்தில் நான்கைக் கொடுத்து "இதுதான் முழுத் தொகுப்பு" என்கிற தோரணையில் நீட்டினால் கோபம் வருமா வராதா?

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். ஏனென்றால் பெட்டி வந்ததிலிருந்து நான் வேறு எதையும் உருப்படியாகக் கேட்கவில்லை.

சப்பாத் கேட்பவர்களுக்குள் இந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. என் நண்பன் ஒருவன் அந்தக் கட்சி. ஆஸி ஆஸ்பர்ன் பாடிய 1970களின் எட்டு ஆல்பங்களைத் தாண்டி அவன் வீட்டில் எதுவும் கிடையாது. அடுத்த பாடகர் டியோவின் காலத்துக்கு மட்டும் போனால் போகிறதென்று அனுமதி. மார்ட்டின் என்று சொன்னால், "அது டோனி ஐயோமியும் அவர் கூட்டாளிகளும். நல்லா இருக்கலாம். ஆனா அது சப்பாத் இல்ல" என்பான். அவனோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருப்பதுதான் தொல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பர்மிங்காமில் 1968இல் சேர்ந்த நால்வரில், 1980களின் நடுப்பகுதியில் மிச்சம் இருந்தவர் கிதார்காரர் ஐயோமி ஒருவர்தான். ஆஸி ஆஸ்பர்னை 1979இல் வெளியேற்றினார்கள். ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், இரண்டு அருமையான ஆல்பங்கள் பாடினார், சண்டை போட்டுக்கொண்டு போனார். டீப் பர்ப்பிளின் இயன் கில்லன் 1983இல் ஒரே ஒரு ஆல்பம். 1986இல் கிளென் ஹ்யூஸ் பாடிய 'செவன்த் ஸ்டார்' ஐயோமி தன் தனி ஆல்பமாக நினைத்துச் செய்தது. அதன் மேலும் வற்புறுத்தி பிளாக் சப்பாத் பெயரை ஒட்டினார்கள். அடுத்து வந்த ரே கில்லன் 'தி எட்டர்னல் ஐடல்' முழுவதையும் பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் பாடிய தடங்களை எடுத்துவிட்டு, அதே பாட்டுகளைத் திரும்பப் பாட வந்தவர்தான் பர்மிங்காம்காரரான மார்ட்டின். ஒருவர் பாடி முடித்த மெட்டுகளின் மேல் இன்னொருவர் குரலைப் பொருத்தி ஆரம்பமாகிறது ஒரு பாடகனின் வாழ்க்கை. இந்தக் கதை பெட்டியில் இல்லாமல் போனதால்தான் அந்த ஐந்தாவது ஆல்பத்துக்காக நான் இவ்வளவு புலம்புகிறேன்.

இத்தனை பேர் வந்து போன இடத்தில், ஆஸிக்கு அடுத்தபடியாக அதிக ஸ்டுடியோ ஆல்பங்களில் பாடியவர் மார்ட்டின். டியோகூட மூன்றுதான். ஆனால் 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர்கள் பழைய நால்வர் மட்டும். மார்ட்டின் அந்தக் குழுவில் வீட்டோடு மாப்பிள்ளை. உழைப்பெல்லாம் அவருடையது, பத்திரத்தில் பெயர் கிடையாது.

அப்புறம் பாட்டுகளுக்கு வருவோம்.

'ஹெட்லெஸ் கிராஸ்' (1989) இந்தப் பெட்டியை வாங்குவதற்கான முதல் காரணம். ஐ.ஆர்.எஸ். அப்போது ஆர்.இ.எம்., கோ-கோஸ் போன்றவர்களால் பெயர் வாங்கிய கம்பெனி. அதன் தலைவர் மைல்ஸ் கோப்லாண்ட், உனக்குப் பிடித்ததைச் செய் என்று ஐயோமிக்குச் சுதந்திரம் கொடுத்தார். ஐயோமி செய்த நல்ல காரியம், டிரம்ஸுக்குக் கோஸி பவலைக் கூட்டி வந்ததும் தயாரிப்பில் அவரையும் சேர்த்துக்கொண்டதும். முதலில் 'தி கேட்ஸ் ஆஃப் ஹெல்' என்று ஒரு நிமிடத்துக்கு ஊளையும் உறுமலுமாக ஒரு முன்னோட்டம். அது முடிந்ததும் தலைப்புப் பாட்டில் பவலின் அடி விழும் பாருங்கள், அங்கேயே ஆல்பத்தின் குணம் தெரிந்துவிடும். பழைய நால்வரில் ஒருவரான பில் வார்டின் டிரம்ஸ் ஜாஸ் கலந்து தள்ளாடி நடக்கும். பவல் அப்படியெல்லாம் தள்ளாட மாட்டார். கதவைத் தட்டுவதில்லை, உடைத்துக்கொண்டு வருவார். இது வேறொரு குழு என்பதை மார்ட்டின் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த டிரம்ஸ் சொல்லிவிடுகிறது.

ஹெட்லெஸ் கிராஸ் என்பது இங்கிலாந்தில் ரெடிட்ச் பக்கத்தில் உள்ள நிஜமான ஒரு இடம். கொள்ளைநோய் வந்து ஊரே அழிவதாகப் பாட்டு. இதைப் பாடும் மார்ட்டினின் குரலில் டியோவின் சாயல் இருக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. இருக்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் டியோ பாடும்போது ஒரு மந்திரவாதி மேடையேறி நிற்பது தெரியும். மார்ட்டின் பாடும்போது மந்திரவாதியிடம் மாட்டிக்கொண்டவன்தான் எனக்குக் கேட்கிறான். 'வென் டெத் கால்ஸ்' பாட்டின் ஆரம்பத்தைக் கேளுங்கள். லாரன்ஸ் காட்டிலின் பேஸ் மட்டும் மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும், அதன் மேல் மார்ட்டின் ரகசியம் சொல்வதுபோல் பாடுவார். பிறகு எல்லாம் வெடித்து, சோலோ வரும்போது கிதாரின் நாதம் சட்டென்று மாறும். அது ஐயோமி இல்லை, குயீன் குழுவின் பிரையன் மே. ஐயோமியின் நண்பர் என்ற முறையில் வந்து வாசித்துக் கொடுத்தார். சப்பாத் ஸ்டுடியோ ஆல்பத்தில் வெளியார் ஒருவர் கிதார் சோலோ வாசிப்பது பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. சாத்தான், நரகம், பாவம், மரணம் என்று வரிக்கு வரி வந்துகொண்டே இருப்பது நாலாவது பாட்டுக்குள் அலுத்துவிடும். பழைய நால்வரில் பேஸ் வாசித்த கீசர் பட்லர் பாட்டுவரிகளை எழுதிய காலத்தில் சாத்தான் எப்போதாவதுதான் வருவான், வந்தால் பயமாக இருக்கும். இங்கே அவன் தினசரி வேலைக்கு வருகிறான். டிரம்ஸின் மேல் அந்தக் காலத்து எதிரொலி தாராளமாக ஊற்றப்பட்டிருக்கிறது. பழைய பதிவைத் துலக்கிய ரீமாஸ்டர் அதை மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. ஆனால் காட்டிலின் பேஸ் முன்பைவிடத் தெளிவாக, தனியாகக் கேட்கிறது. என் ஹெட்ஃபோனில் 'நைட்விங்' பாட்டின் அமைதியான பகுதிகளை இவ்வளவு நெருக்கமாக இதற்கு முன் கேட்டதில்லை. 'கிளோக் அண்ட் டாகர்' என்ற, சிங்கிள் தட்டின் பின்பக்கத்தில் வந்த பழைய பாட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. ப்ளூஸ் வாடையுள்ள, கொஞ்சம் சோம்பலான பாட்டு. ஆல்பத்தில் சேர்க்காததற்குக் காரணம் கேட்டாலே தெரியும், ஆனால் எனக்குப் பிடிக்கும்.

இந்த ஆல்பத்துக்கு ஐரோப்பாவில் நல்ல வரவேற்பு இருந்தது. அமெரிக்காவில் டிக்கெட் விற்காமல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு சோவியத் யூனியனில் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் போய் வாசித்தார்கள். அங்கே பார்த்ததன் தடம் அடுத்த ஆல்பத்தில் இருக்கிறது. 'டைர்' (1990) ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஹெவன் இன் பிளாக்', மாஸ்கோவின் புனித பேசில் தேவாலயத்தைக் கட்டியவர்களின் கண்களை ஜார் மன்னன் பிடுங்கிய கதையைச் சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் அதைக் கட்டுக்கதை என்பார்கள், பாட்டுக்கு அது போதும்.

'டைர்' ஆல்பத்தை வைகிங் ஆல்பம் என்று பலர் சொல்வதுண்டு. அட்டையில் ரூன் எழுத்துகள், நடுவில் 'தி பேட்டில் ஆஃப் டைர்', 'ஓடின்ஸ் கோர்ட்', 'வல்ஹல்லா' என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மற்றபடி நார்ஸ் புராணத்துக்கும் மிச்சப் பாட்டுகளுக்கும் சம்பந்தமில்லை. இந்த முறை பேஸில் நீல் மரே. ஒயிட்ஸ்னேக்கில் பவலோடு வாசித்தவர் என்பதால் இருவரும் இறுக்கமாகச் சேர்ந்து ஓடுகிறார்கள். 'அன்னோ முண்டி'யின் ஆரம்பத்தில் கூட்டுக்குரல்கள் தேவாலயப் பாடல்போல் அடுக்கடுக்காக எழும். மார்ட்டினின் குரலை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய வேறு பாட்டு இந்தப் பெட்டியில் இல்லை. 'தி சப்பாத் ஸ்டோன்ஸ்' எனக்கு இந்தக் காலத்தின் சிகரம். மெதுவாக, கனமாக, பழைய சப்பாத்தின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) கனத்தோடு நடந்துவந்து கடைசியில் ஓட்டமெடுக்கும். ஆஸி கட்சி நண்பனுக்கு யார் பாடியது என்று சொல்லாமல் இதன் ஆரம்ப ரிஃப்பை மட்டும் ஒருமுறை போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினான். குரல் வந்ததும் நிறுத்திவிட்டான். அவ்வளவுதான் அவனிடம் எதிர்பார்க்க முடியும்.

'ஃபீல்ஸ் குட் டு மி' என்ற காதல் பாட்டைத் தாண்டிப் போய்விடலாம். சிங்கிள் வேண்டுமே என்று போட்டது அது, ஐயோமியே பிற்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆல்பத்தில் கிதாரைவிட டிரம்ஸ் ஓங்கி இருப்பதும் அப்படியேதான். என் பழைய ஐ.ஆர்.எஸ். குறுந்தகட்டையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். புதியதில் கீழ்ப்பகுதி கொஞ்சம் நிறைவாக இருக்கிறது, பவல் அதே இடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் நடந்ததைக் கேட்டால் இந்தக் குழுவைப் பற்றிய ரசிகர்களின் இரட்டை மனம் எங்கிருந்து வருகிறதென்று தெரியும். டியோவும் கீசர் பட்லரும் திரும்பி வர, மார்ட்டினுக்குக் கதவு காட்டப்பட்டது. பவல் ஏறியிருந்த குதிரை செத்து அவர் மேலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் அவரும் வெளியே. டியோவோடு 'டிஹ்யூமனைசர்' (1992) வந்தது, நல்ல ஆல்பம். அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் ஆஸியின் 'விடைபெறும்' கச்சேரிக்கு முன்னால் வாசிக்கச் சப்பாத்தைக் கூப்பிட்டார்கள். ஆஸிக்கு முன்னால் நான் பாடுவதா என்று டியோ மறுத்துவிட்டார். ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட் வந்து இரண்டு இரவுகள் பாடிக் கொடுத்தார். டியோ போனார். யாரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்? மார்ட்டினைத்தான். அவரும் வந்தார்.

ஒரு பாடகரை இப்படிக் கைக்குட்டை மாதிரி எடுத்து எடுத்து வைத்தால், ரசிகன் அவரை எப்படி மதிப்பான்? "குழுவே அவரை நம்பவில்லை, நான் ஏன் நம்ப வேண்டும்" என்று என் நண்பன் கேட்கும்போது பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருக்கிறது. மேடையிலும் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஆஸியும் டியோவும் பாடிவைத்த பாட்டுகள். 1994இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் பதிவான கச்சேரி ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், மார்ட்டின் காலத்துப் பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த நிலைமையில் வந்ததுதான் 'கிராஸ் பர்ப்பஸஸ்' (1994). என் கணக்கில் நான்கிலும் நன்றாகக் கட்டப்பட்ட ஆல்பம் இது. 'ஹெட்லெஸ் கிராஸ்' அளவுக்கு இதை யாரும் கொண்டாடுவதில்லை, ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை. கீசர் பட்லர் இருக்கிறார், அதுவே பாதி வெற்றி. டிரம்ஸில் பாபி ராண்டினெல்லி. 'வர்ச்சுவல் டெத்' பாட்டில் கீசரின் பேஸும் ஐயோமியின் ரிஃப்பும் சேற்றில் கால் இழுப்பதுபோல் நகரும், மார்ட்டினின் குரல் இரட்டையாக அதன் மேல் படியும். அந்த நேரத்தில் கிரஞ்ச் இசை வாசித்த சியாட்டில் குழுக்கள் சப்பாத்திடமிருந்து எடுத்துக்கொண்டதைச் சப்பாத்தே திரும்ப எடுத்துக்கொண்டது மாதிரி இருக்கும். 'ஐ விட்னஸ்' வேகமாகத் தொடங்கிவைக்கிறது, 'கிராஸ் ஆஃப் தார்ன்ஸ்' மெதுவாகக் கழுத்தைப் பிடிக்கிறது. சாத்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டான். மனிதர்கள் செய்யும் கொடுமைகள் பாட்டுக்குள் வந்துவிட்டன. மார்ட்டினும் இங்கே உரக்கப் பாடுவதைக் குறைத்துக்கொண்டு கதை சொல்கிறார். 'ஈவில் ஐ' பாட்டை உருவாக்கியதில் கிதார்காரர் எடி வான் ஹேலனுக்குப் பங்கு உண்டு, ஆனால் அவர் பெயரைப் போடவில்லை. ஜப்பான் பதிப்பில் மட்டும் இருந்த 'வாட்ஸ் தி யூஸ்' இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது. வேகமான, கோபமான பாட்டு. இதை ஏன் ஒளித்து வைத்தார்களோ.

இனி 'ஃபர்பிடன்' (1995). இதற்காகத்தான் பலர் இந்தப் பெட்டியை எதிர்பார்த்தார்கள், நானும்தான். சப்பாத்தின் மோசமான ஆல்பம் எது என்று கேட்டால் கையைத் தூக்காமல் எல்லோரும் சொல்லும் பெயர் இது. பவலும் மரேயும் திரும்பி வந்திருந்தார்கள், அதாவது 'டைர்' லைன்அப் அப்படியே. தயாரிப்புக்கு, ராப் கலந்த மெட்டல் குழுவான பாடி கவுண்டின் கிதார்காரர் எர்னி சி. முதல் பாட்டில் அந்தக் குழுவின் பாடகர், ராப்பர் ஐஸ்-டி வந்து பேசிவிட்டுப் போவார். எர்னி சி பவலிடம் இப்படி வாசி, அப்படி வாசி என்று ஹிப்-ஹாப் பாணி தாளங்களைக் கேட்டது பவலைப் புண்படுத்தியதாக ஐயோமி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோஸி பவலுக்கு டிரம்ஸ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். 1995இல் வந்த மிக்ஸில், அதாவது குரலையும் கருவிகளையும் கலந்த விதத்தில், எல்லாம் வறண்டு போய், அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடித்த டிரம்ஸும் பக்கத்து அறையில் வாசித்த கிதாருமாக இருந்தது.

அதை ஐயோமி தானே உட்கார்ந்து புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். பெட்டியில் இருப்பது அந்தப் புதிய மிக்ஸ்தான். பழையதைப் போட்டுவிட்டு உடனே இதைப் போட்டால் முதல் பத்து வினாடியிலேயே வித்தியாசம் தெரிகிறது. கிதாருக்குச் சதை வந்துவிட்டது. பவல் உயிரோடு எழுந்து வந்த மாதிரி டிரம்ஸ். (அவர் 1998இல் கார் விபத்தில் இறந்துபோனார். இந்த மிக்ஸை அவர் கேட்டிருக்க வேண்டும்.) 'ரஸ்டி ஏஞ்சல்ஸ்' இப்போது நிஜமாகவே ரசிக்கும்படி இருக்கிறது. 'கிஸ் ஆஃப் டெத்' நல்ல பாட்டு என்று பழைய மிக்ஸிலேயே சிலருக்குத் தெரியும், இப்போது எல்லோருக்கும் தெரியும். 'ஐ வோண்ட் க்ரை ஃபார் யூ' பாட்டில் மார்ட்டினின் குரல் கிதாருக்கு அடியில் நசுங்காமல் எழுந்து நிற்கிறது.

ஆனால் மிக்ஸ் என்பது சட்டையை இஸ்திரி போட்டுத் தருகிற வேலை மட்டும்தான், துணி அதேதான் என்று 'சிக் அண்ட் டயர்ட்', 'ஷேக்கிங் ஆஃப் தி செயின்ஸ்' இரண்டையும் கேட்டால் தெரியும். அவசரமாக எழுதி, அவசரமாகப் பதிவு செய்த பாட்டுகள் அவை. ஐஸ்-டி பேசும் பகுதி இன்னும் ஒட்டவில்லை. "புது மிக்ஸில் இது மறைந்திருந்த பொக்கிஷம்" என்று சிலர் குதிக்கிறார்கள், எனக்கு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. கேவலம் என்ற நிலையிலிருந்து பரவாயில்லை என்ற நிலைக்கு ஏறியிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. பழைய மிக்ஸையும் கூடவே ஒரு தட்டில் வைத்திருந்தால் ஆய்வு செய்கிறவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும், அது இல்லை.

இந்த ஆல்பத்துக்குப் பிறகு கதை முடிந்துவிட்டது. ஐ.ஆர்.எஸ். கம்பெனி 1996இல் மூடப்பட்டது. 1997இல் பழைய நால்வரும் பர்மிங்காமில் சேர்ந்து வாசித்தார்கள், உலகமே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். அதோடு இந்த நான்கு ஆல்பங்களும் கடைகளிலிருந்து மெல்ல மறைந்து, ஸ்ட்ரீமிங் வந்த பிறகும் வெகுகாலம் எட்டாமலே இருந்தன. கேட்க வழியில்லாத ஆல்பங்களைப் பற்றி ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் கேட்காமலே திட்டினார்கள். இன்னும் கொஞ்சம் பேர், கிடைக்காத ஒன்று என்பதாலேயே தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். இந்தப் பெட்டி செய்திருக்கும் பெரிய உபகாரம், இரண்டு கூட்டத்துக்கும் சாக்கு இல்லாமல் ஆக்கியது.

பெயர் விவகாரத்தில் என் நண்பனிடம் கடைசியாக வைத்த வாதம் இது: டியோவோடு 2006க்குப் பிறகு சேர்ந்தபோது, குழப்பம் வேண்டாமென்று ஐயோமியும் கீசரும் 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் வந்த ஆல்பத்தை நீயும் வாங்கினாய். அதே மரியாதையை 1989இல் மார்ட்டின் குழுவுக்கும் செய்திருந்தால்? அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்போ பெயரில்லாத குழுவோட ஆல்பத்த யார் வெளியிட்டிருப்பா?" அதுவும் உண்மைதான். அந்தப் பெயர்தான் இந்தப் பாட்டுகளுக்குச் சோறு போட்டது, அந்தப் பெயர்தான் இவற்றைத் தலையெடுக்கவும் விடவில்லை.

2025 ஜூலையில் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில் பழைய நால்வரும் வாசித்தார்கள். சில நாட்களில் ஆஸி இறந்துபோனார். அந்த மேடையில் உலகத்தின் பெரிய குழுக்களெல்லாம் வந்து சப்பாத் பாட்டுகளைப் பாடின. மார்ட்டின் பாடவில்லை. அன்றைக்கு யாருக்கும் அது குறையாகத் தோன்றியிருக்காது, அது ஆஸியின் நாள். இருந்தாலும் எனக்கு அது உறுத்தியது.

வாங்குவதைப் பற்றி: பெட்டியோடு படங்களும் குறிப்புகளும் உள்ள புத்தகம், ஒரு சுவரொட்டி, 'ஹெட்லெஸ் கிராஸ்' சுற்றுப்பயணப் புத்தகத்தின் நகல் எல்லாம் வருகின்றன. சுற்றுப்பயணப் புத்தகத்தில் பவலின் தலைமுடியைப் பார்ப்பதற்கே ஒரு மதியம் வேண்டும். கீபோர்டு வாசித்த ஜெஃப் நிக்கோல்ஸையும் தேடிப் பாருங்கள். எல்லா லைன்அப்பிலும் இருந்து, மேடையில் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டவர் அவர். வினைலா குறுந்தகடா என்று கேட்டால் குறுந்தகடு என்பேன். கூடுதல் பாட்டுகள் மூன்றும் அதில்தான் இருக்கின்றன. மூன்றாவதான 'லூசர் கெட்ஸ் இட் ஆல்', 'ஃபர்பிடன்' ஆல்பத்தில் இருக்கும் பாதிப் பாட்டுகளைவிட மேல். வினைல் எடுத்தால் அட்டைகள் பெரிதாகக் கிடைக்கும், 'கிராஸ் பர்ப்பஸஸ்' அட்டையில் சிறகு தீப்பற்றி எரியும் தேவதை அந்த அளவில் நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் ஆண்டு வரிசையில் போக வேண்டாம். 'கிராஸ் பர்ப்பஸஸ்' முதலில், அப்புறம் 'ஹெட்லெஸ் கிராஸ்', பிறகு 'டைர்'. 'ஃபர்பிடன்' கடைசியில், பொறுமை மிச்சமிருந்தால்.